எந்தக் கணினி மொழி எளிது?

“என் மகனுக்கு எந்தக் கணினி மொழியைச் சொல்லிக் கொடுக்கலாம்?” பெற்றோர் சந்திப்பு நாளில் தவறாமல் வரும் கேள்வி இது. கையோடு, “பைத்தான்தானே முதலிடம்?” என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். எதில் முதலிடம் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

நெதர்லாந்தின் தியோபி நிறுவனம் மாதந்தோறும் வெளியிடும் பட்டியல் புகழ்பெற்றது. மொழியின் பெயரோடு ‘புரோகிராமிங்’ என்ற சொல்லையும் சேர்த்துத் தேடினால், தேடுபொறிகள் எத்தனை பக்கங்களைக் காட்டுகின்றன என்பதே அதன் அடிப்படை. 20 ஆண்டுகளுக்கு மேலாக ஜாவாவும் சி மொழியும் மாறி மாறி ஆண்ட அந்த இடத்தைப் பைத்தான் 2021 அக்டோபரில் பிடித்தது. ஆனால், பழைய பக்கங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கும். தேடுபொறி தன் கணக்கை மாற்றினாலும் ஒரு மொழி ஏறும், இறங்கும்.

பிஒய்பிஎல் என்னும் இன்னொரு பட்டியல், எந்த மொழிக்கான பாடங்களைக் கூகுளில் அதிகம் தேடுகிறார்கள் என்று பார்க்கிறது. இதில் தெரிவது கற்க வருவோரின் கூட்டம். 1959இல் உருவான கோபோலை (நம் ஊர் கோபால் அல்ல) அப்படித் தேடுவோர் குறைவு. வங்கிகளின் பழைய கணினிகளிலோ அது இன்றும் ஓடுகிறது.

சரி, எளிமையை எப்படி அளப்பது? அமெரிக்க ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஸ்டெஃபிக் குழுவினர் மருந்து ஆய்விலிருந்து ஒரு வழியை எடுத்துக்கொண்டார்கள். புதிய மருந்தைச் சோதிக்கும்போது, சிலருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்து ஒப்பிடுவார்கள் அல்லவா? அதுபோல ‘ரேண்டமோ’ என்று ஒரு வெற்று மொழியை உருவாக்கினார்கள். அதன் கட்டளைச் சொற்களுக்குப் பதிலாக, குருட்டாம்போக்கில் பொறுக்கிய குறிகள் இருந்தன. இதற்கு முன் நிரலே எழுதாதவர்களிடம் மாதிரிகளைக் காட்டி, சிறு பணிகளை எழுதச் சொன்னார்கள்.

2011இல் வெளியான முடிவு பலரைச் சீண்டியது. பெர்ல் மொழியில் எழுதியவர்கள், ரேண்டமோவில் எழுதியவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சரியாக எழுதவில்லை! 2013இல் வெளியான அடுத்த ஆய்வில் ஜாவாவுக்கும் அதே கதி. பைத்தான், ரூபி, அக்குழுவே உருவாக்கிய குவோரம் ஆகியவை தேறின. சொற்களையும் அவர்கள் சோதித்தார்கள். ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யப் பல மொழிகள் ‘ஃபார்’ என்கின்றன. ‘ரிபீட்’ என்ற சொல்தான் புதியவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டது. ஆங்கிலம் தெரிந்தவருக்கே ‘ஃபார்’ புதிர் என்றால், நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஆய்வு அளந்தது முதல் சில மணி நேரத்துத் தடுமாற்றத்தை மட்டுமே. ஓராண்டு கழித்து யார் நன்றாக எழுதுவார் என்பதை அது சொல்லாது. ஆயினும் பலர் பாடத்தைக் கைவிடுவது அந்த முதல் வாரங்களில்தான் என்பது என் வகுப்பறை அனுபவம்.

சிங்கப்பூரின் ‘ஓ’ நிலைக் கணினிப் பாடத்தில் பைத்தான்; நம் படிவம் 4 கணினி அறிவியலில் ஜாவா. ‘வணக்கம்’ என்று திரையில் காட்ட அங்கே ஒரு வரி போதும். இங்கே பொருள் புரியாத பல சொற்களையும் அடைப்புக்குறிகளையும் தாண்டி வர வேண்டும். பிள்ளை திணறினால், அதே கணக்கின் படிகளைத் தமிழிலோ மலாயிலோ எழுதச் சொல்லிப் பாருங்கள். படிகள் சரியாக வந்தால், சிக்கல் ஜாவாவின் எழுத்துமுறையில். பழகப் பழகத் தீரும். படிகளே வராவிட்டால், பைத்தானுக்கு மாற்றினாலும் அதே இடத்தில்தான் நிற்பார்.