அறிக்கையும் அதன் ஊற்றும்

கணக்கெழுதும் தொழில் தொன்மையானது. எழுதிய கணக்கிலிருந்து செய்தி காணும் கலையோ இக்காலத்திற் புதிய உருவம் பெற்றுள்ளது. முன்னர் எழுத்தர் ஒருவர் பலநாள் இருந்து கூட்டியும் கழித்தும் வகுத்துக் காட்டியவற்றை, இன்று பவர் பிஐ முதலிய மென்பொருள்கள் சிறிது நேரத்திற் படமாகவும் பட்டியலாகவும் வரைந்து காட்டுகின்றன. பவர் பிஐ என்பது மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2015-ஆம் ஆண்டில் பொதுவில் வெளியிட்ட கருவி. அதனைக்கொண்டு அறிக்கை சமைப்பது ஒன்று. சமைத்த அறிக்கையைப் பிறர்க்கு அளிப்பது மற்றொன்று. பின்னதிற் பலர் இடறுகின்றனர். அவ்விடறலின் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

எடுத்துக்காட்டாக ஒரு மாணவர் விடுதியைக் கொள்வோம். அதன் எழுத்தர், அரிசி பருப்பு முதலியவற்றின் செலவையும் மாணவர் செலுத்தும் கட்டணத்தையும் எக்ஸெல் கோப்பொன்றில் எழுதித் தம் கணினியிலேயே வைத்துள்ளார். அதனைப் பவர் பிஐ டெஸ்க்டாப்பிற் கொணர்ந்து அறிக்கை சமைக்கிறார். அப்பொழுது நிகழ்வது யாது? 'இம்போர்ட்' என்னும் முறைப்படி, மென்பொருள் அக்கோப்பிலுள்ளவற்றைப் படியெடுத்துச் சுருக்கித் தன்னகத்தே வைத்துக்கொள்கிறது. மூலம் இருக்கும் இடத்தின் முகவரியையும் உடன் குறித்துக்கொள்கிறது. ஆகவே அறிக்கையிற் காண்பது ஊற்றினின்று ஒருநாள் முகந்த குடத்து நீரே. இவ்வொன்றை உணர்ந்தோர்க்கு ஏனையவை எளிதில் விளங்கும்.

இவ்வறிக்கையை விடுதிக் காப்பாளருக்கு அளிக்கும் வழிகளுள் முதலாவது, கோப்பினை அப்படியே மின்னஞ்சலில் அனுப்புதல். காப்பாளர் டெஸ்க்டாப் மென்பொருள் உடையராயின் அதனைத் திறந்து காண்பார். ஆனால் புதுக்கணக்கு வேண்டிப் புதுப்பிக்க முயன்றாற் பிழையே விளையும். என்னை? குறித்துவைத்த முகவரி எழுத்தரது கணினியின் 'சி' டிரைவில் உள்ளதொரு இடத்தைச் சுட்டுகிறது; காப்பாளரது கணினியில் அவ்விடம் இல்லை. அன்றியும், அறிக்கையின் முகப்பில் மொத்தத் தொகை மட்டுமே காட்டப்பட்டிருப்பினும், படியெடுத்த பட்டியல் முழுவதும் கோப்பினுள் உறைகின்றது. எந்த மாணவன் எத்தனை மாதம் கட்டணம் செலுத்தவில்லை என்பதைக் கோப்பினைப் பெற்றவர் எவரும் அறியலாம். பத்திகளை மறைத்துவைத்தல் திரையிடுதலேயாம், பூட்டுதல் ஆகாது. அமைப்பை மட்டும் அனுப்ப விரும்புவோர் தரவு இல்லாத 'டெம்ப்ளேட்' வடிவிற் சேமித்து அனுப்புதல் தகும்.

இரண்டாவது வழி, அறிக்கையை இணையத்திலுள்ள பவர் பிஐ சேவையில் வெளியிடுதல். அறிக்கையும் படியெடுத்த தரவும் அங்கே செல்கின்றன. மூலக்கோப்போ எழுத்தரது கணினியிலேயே நின்றுவிடுகிறது. இணையத்துச் சேவை அக்கணினிக்குள் தானே புகுந்து பார்க்கமாட்டாது. எழுத்தர் நாள்தோறும் எக்ஸெலில் வரவு பதிந்துகொண்டிருப்பினும், காப்பாளர் காண்பது வெளியிட்ட நாளின் கணக்கேயாம். சென்ற வாரம் கட்டணம் செலுத்திவிட்ட ஏழை மாணவன் ஒருவன் அவ்வறிக்கையில் இன்னும் கடனாளியாகவே நிற்பான். அதனை நம்பிக் காப்பாளர் அவனுக்கு உணவு மறுப்பாராயின், அப்பழி கருவியைச் சாராது. பழைய கணக்கைப் புதியது போல் அளித்தவரையே சாரும்.

இக்குறையை நீக்க இரு வழிகள் உள. ஒன்று, 'கேட்வே' என்னும் இடைநிலை மென்பொருளை நிறுவுதல். அது மூலக்கோப்புக்கும் இணையச் சேவைக்கும் இடையே வாயிலாக நின்று, குறித்த வேளைகளிற் புதுத்தரவை அனுப்பும். புரோ உரிமத்தில் நாளொன்றுக்கு 8 முறை வரை இங்ஙனம் புதுப்பிக்கலாம். ஆயின் அந்நேரங்களிற் கணினி விழித்திருத்தல் வேண்டும். எழுத்தர் அதனை அணைத்துவிட்டு வீடு சென்றாற் புதுப்பித்தல் தவறும். அடுத்தடுத்து 4 முறை தவறின், சேவை அக்கால அட்டவணையையே நிறுத்திவிடும்.

மற்றொரு வழி, மூலக்கோப்பையே நிறுவனத்தின் ஒன்டிரைவ் அல்லது ஷேர்பாயிண்ட் இடத்திற்கு மாற்றி, அதன் இணைய முகவரியைக்கொண்டு அறிக்கையை இணைத்தல். இதற்குக் கேட்வே வேண்டுவதில்லை. சிறு கோப்புகளுக்கு இதுவே சாலச் சிறந்தது. ஈண்டு ஓர் எச்சரிக்கை: ஒன்டிரைவ் நம் கணினியில் அமைத்திருக்கும் கோப்புறை வழியாக இணைத்தால், அது மீண்டும் கணினியின் முகவரியே ஆகிவிடும், முன்சொன்ன குறையும் திரும்ப வரும்.

நிற்க, எவர் காணலாம் என்பதும் ஆராயத்தக்கது. பொதுவாக அளிப்பவர், பெறுபவர் இருவரும் புரோ உரிமம் உடையராதல் வேண்டும். அச்செலவுக்கு அஞ்சிச் சிலர் 'பப்ளிஷ் டு வெப்' என்னும் வழியை நாடுவர். அங்ஙனம் வெளியிட்டதை முகவரி அறிந்தோர் எவரும் கடவுச்சொல் இன்றிக் காணலாம். மாணவர் பெயரும் கட்டணமும் மதிப்பெண்ணும் அவ்வழியே செல்லுதல் பெருந்தவறாம். ஒவ்வொருவரும் தமக்குரிய வரிகளை மட்டும் காணும்படி வரையறுக்கும் வசதி சேவையில் உண்டு. கோப்பையே கையிற் பெற்றவரை அவ்வரையறை தடுக்காது.

ஆதலின் அறிக்கை அளிப்போர் மூன்றினைக் கைக்கொள்வாராக: மூலத்தை ஒருவரது கணினியில் அடைத்துவையாது பொதுவிடத்தில் வைத்தல், தரவு எந்நாளைக்குரியது என்பதை அறிக்கையின் முகப்பிலேயே பொறித்தல், காண்பவர்க்கு வேண்டிய அளவே தரவை உள்ளே கொணர்தல். கணக்கை வைத்திருப்பவர் பிறர் பொருளுக்கு உக்கிராணக்காரர் போல்வர். அவர் காட்டும் எண்ணுக்குப் பின்னே ஒரு மனிதன் நிற்கின்றான் என்பதை மறவாதிருத்தலே இக்கலையின் முதற்பாடமாம்.