உஷார்! செம்பவாங் போகும் பெட்டியைக் கட்டியது யார்?

செம்பவாங்கில் மகள் இருக்கிறாள், மச்சான் இருக்கிறார் என்று முதல்முறையாகச் சிங்கப்பூருக்குக் கிளம்புகிறீர்களா? பெட்டியைப் பூட்டுவதற்கு முன் ஒருமுறை முழுதாகக் கொட்டிப் பாருங்கள். உங்கள் கையால் வைக்காத பொருள் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது.

பயணச் செய்தி தெருவுக்குத் தெரிந்ததுமே பார்சல்கள் வரத் தொடங்கும். "தம்பிக்கு இந்தப் பொடியை மட்டும் கொடுத்துடுங்கண்ணே" என்பார்கள். விமான நிலைய வரிசையில் முன்பின் தெரியாத ஒருவர், "எடை கூடிப்போச்சு, இந்தப் பையை மட்டும் வெச்சுக்குங்க" என்று கெஞ்சுவார். தயவுசெய்து முகதாட்சண்யம் பார்க்காதீர்கள். சிங்கப்பூருக்குள் 500 கிராமுக்கு மேல் கஞ்சாவோ, 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயினோ கொண்டுவந்தால் மரண தண்டனை வரை போகும். அதைவிட அச்சமூட்டுவது இன்னொன்று. பை உங்கள் வசம் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்றே அந்நாட்டுப் போதைப்பொருள் சட்டம் அனுமானிக்கிறது. தெரியாது என்று நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். கொடுத்தவரின் முழுப் பெயரே தெரியாதவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? கூடப்பிறந்த அக்கா தந்த பொட்டலமானாலும் பிரித்துப் பார்த்து நீங்களே மறுபடி கட்டுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

சட்டைப்பையையும் தடவிப் பாருங்கள். ஹான்ஸ், குட்கா போன்ற மெல்லும் புகையிலை எல்லாவற்றுக்கும் அங்கே தடை. மின்சிகரெட்டைப் பயன்படுத்தக்கூட வேண்டியதில்லை, வைத்திருந்தாலே குற்றம். சிகரெட்டில் ஒன்றே ஒன்றுக்குக்கூட வரிச்சலுகை கிடையாது. சாங்கி விமான நிலையத்தில் சுங்கச் சோதனையின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி, வரி கட்ட வேண்டும். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து சாப்பிடுகிறவர்கள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி தேவையா என்று ஊரிலிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். மருந்துச் சீட்டும் கையில் இருக்கட்டும். குருமாவுக்கு என்று கசகசா கட்டவே வேண்டாம், அது ஓபியம் செடியின் விதை.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முற்றிலும் இலவசம். பணம் கேட்கிற தளம் அரசின் தளம் அல்ல, உடனே மூடிவிடுங்கள்.

செம்பவாங்கிலிருந்து நியூட்டன் போய் ரயில் மாறினால் அடுத்த நிறுத்தமே லிட்டில் இந்தியா. தேக்கா என்று நம்மவர்கள் சொல்லும் அந்த இடத்தைக் கண்டதும் நம்மூர் போலவே இருக்கும். அங்கேதான் கவனம் தேவை. 2013 டிசம்பர் 8 அன்று அங்கே நடந்த கலவரத்துக்குப் பிறகு அந்த வட்டாரத்தில் மதுக் கட்டுப்பாடு கடுமையானது. சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. மற்ற இரவுகளிலும் 10.30 மணிக்கு மேல் தீவு முழுக்கத் தடை.

கடைசியாக, வேலை தேடிப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. "விசிட்ல போயிடு, அங்க போனதும் பெர்மிட் மாத்திக்கலாம்" என்று முகவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பெர்மிட் இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதமோ, இரண்டு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கும். தங்கும் அனுமதி முடிந்தும் 90 நாளுக்கு மேல் தங்கிய ஆண்களுக்குச் சிறையோடு பிரம்படியும் உண்டு. உண்மையான வேலை என்றால் கிளம்பும் முன்பே மனிதவள அமைச்சின் அனுமதிக் கடிதம் வரும். அது நிஜம்தானா என்று அமைச்சின் இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். கடிதத்தைக் காட்டாதவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள்.