ஓட்டுக்குள் மறையும் நோய்

“ஆமை புகுந்த வீடு உருப்படாது” என்று சொல்லும் முதியவர்கள் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களின் அண்டைவீட்டுச் சீனர்களோ ஆமையை நீண்ட ஆயுளின் சின்னமாகப் போற்றுகின்றனர். நம்பிக்கை எதுவாயினும், சிங்கப்பூரில் ஊர்வனவற்றுள் ஒன்றைச் செல்லப்பிராணியாக வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் ஆமையைத்தான் நாட வேண்டியிருக்கிறது. சட்டப்படி இங்கு வளர்க்கக்கூடிய ஊர்வன இரண்டே: சிவப்புக் காது ஆமை, மலாயாப் பெட்டி ஆமை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த தாடிப் பல்லி, உடும்பு, பாம்பு போன்றவற்றுக்கு அனுமதி இல்லை. அவற்றை ஒளித்து வளர்ப்போர், அவை நோயுற்றால் மருத்துவரிடம் கொண்டுசெல்லவும் அஞ்சுவர். அந்த அச்சத்தின் விலையைக் கொடுப்பது விலங்குதான்.

சிவப்புக் காது ஆமையின் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பகுதி. கண்ணுக்குப் பின்னால் உள்ள சிவப்புப் பட்டையே அதற்கு இப்பெயரைத் தந்தது. கடைகளில் விற்கப்படும் குஞ்சு உள்ளங்கையில் அடங்கிவிடும். முழு வளர்ச்சியடைந்த பெண் ஆமையோ 25 சென்டிமீட்டருக்கும் மேல் வளரும். நன்கு பராமரித்தால் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழும். ஆனால், பல குஞ்சுகள் முதல் ஆண்டைக்கூடக் கடப்பதில்லை.

இதற்கு ஒரு காரணம், ஆமை தன் நோயை வெளிக்காட்டாமல் இருப்பது. நலிந்த விலங்கையே எதிரி முதலில் தாக்கும் என்பதால், காட்டு விலங்குகள் பலவீனத்தை மறைத்துக்கொள்ளும். ஆமையின் உடல் இயக்கமும் மெதுவானது. நோய் தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே அறிகுறி தென்படலாம். நாய் நொண்டினால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆமை இரண்டு நாள் அசையாமல் கிடந்தால், தூங்குகிறது என்று எண்ணிக்கொள்வார்கள்.

அதனால், நோயைத் தேடும் முன் நலமான குஞ்சு எப்படி இருக்கும் என்பதை அறிந்திருக்க வேண்டும். அதன் கண்கள் தெளிவாகத் திறந்திருக்கும். ஆள் அருகில் வந்தால் உணவுக்காக நீந்தி வரும், அல்லது சட்டென நீருக்குள் குதிக்கும். நாள்தோறும் மேடையில் ஏறிக் கால்களை நீட்டி வெயில் காயும். வாரம் ஒருமுறை அதன் எடையைக் குறித்துவைப்பது நல்லது. வளர வேண்டிய குஞ்சின் எடை குறைவது, கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளுக்கு முன்பே எச்சரிக்கை தரும். இதற்கெனத் தனியாக ஒரு சிறிய தராசு வேண்டும். சமையலறைத் தராசைப் பயன்படுத்தக்கூடாது.

குஞ்சுகளிடம் அடிக்கடி காணப்படும் கோளாறு ஓடு மென்மையாவது. முட்டையிலிருந்து வெளிவந்த புதிதில் ஓடு சற்று நெகிழ்ந்திருப்பது இயல்பே. மாதங்கள் பல கடந்தும் விரலால் மெல்ல அழுத்தும்போது ஓடு அமுங்கினால், அல்லது அதன் ஓரங்கள் மேல்நோக்கி வளைந்தால், எலும்பு நோய் தொடங்கிவிட்டது எனலாம். ஓடும் எலும்பால் ஆனதே. அது உறுதிப்படச் சுண்ணாம்புச் சத்து தேவை. அச்சத்தை உடல் ஏற்க வைட்டமின் டி தேவை. வைட்டமின் டி உருவாகப் புற ஊதாக் கதிர் தோலில் பட வேண்டும். சன்னல் ஓரத்தில் தொட்டியை வைத்துவிட்டு, வெயில் படுகிறதே என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். வெளிச்சமும் வெப்பமும் கண்ணாடியைக் கடந்து வரும். தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அடுக்குமாடி வீட்டில் வளரும் ஆமைக்கு அதற்கென விற்கப்படும் புற ஊதா விளக்கு தேவைப்படுவது இதனால்தான்.

உணவும் இதில் பங்கு வகிக்கிறது. காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளரும் குஞ்சுக்குச் சத்துகள் போதா. வைட்டமின் ஏ குறைந்தால் இமைகள் வீங்கிக் கண்கள் மூடிக்கொள்ளும். கண் தெரியாத ஆமை உணவைத் தேடாது. உண்ணாததால் குறைபாடு மேலும் கூடும். ஆமைகளுக்கான உருண்டைத் தீவனத்தை முதன்மை உணவாகக் கொடுத்து, கீரையைச் சிறிது சேர்க்கலாம். தேக்கா ஈரச்சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் முளைக்கீரையும் பசலைக்கீரையும் நமக்கு நல்லவை. ஆயினும், அவற்றிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்வதால், ஆமைக்கு அவற்றை அன்றாடம் கொடுப்பது பொருந்தாது. சாய் சிம் அதைவிட ஏற்றது.

சிங்கப்பூரின் வெப்பம் இந்த ஆமைக்கு ஏற்றதே. ஆனால், இரவு முழுவதும் குளிரூட்டி இயங்கும் அறையில் தொட்டி நீர் குளிர்ந்துவிடும். அப்போது நுரையீரல் தொற்று ஏற்படக்கூடும். மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுதல், கழுத்தை நீட்டித் திணறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நீந்தினால் இன்னும் கவனம் தேவை. ஆமையின் நுரையீரல்கள் முதுகோட்டின் அடியில் இருபுறமும் அமைந்து, மிதவைபோல் உதவுகின்றன. ஒன்றில் சளி நிறைந்தால் உடல் சமநிலை இழக்கும். இந்நிலையில் மறுநாள் வரை காத்திருத்தல் ஆகாது.

ஓட்டிலிருந்து கண்ணாடிபோல் மெல்லிய செதில்கள் உரிந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அது வளர்ச்சியின் பகுதி. குழி விழுந்து, நிறம் மாறி, துர்நாற்றம் வீசினால் அது ஓட்டு அழுகல். வடிகட்டி இல்லாத அழுக்கு நீரே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

அறிகுறி தெரிந்ததும் முதலில் நீரின் வெப்பம், தூய்மை, விளக்கு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். ஆனால், அதுவே சிகிச்சை ஆகிவிடாது. எல்லா விலங்கு மருந்தகங்களும் ஆமைகளைப் பார்ப்பதில்லை என்பதால், முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டறிவது நல்லது. காற்றுத் துளைகள் உள்ள பெட்டியில் ஈரத்துணி விரித்து ஆமையைக் கொண்டுசெல்ல வேண்டும். நீர் நிரப்பக்கூடாது; சோர்ந்த ஆமை அதில் மூழ்கிவிடக்கூடும். தொட்டியின் படத்தையும் எடைக் குறிப்பையும் உடன் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும். வீட்டிலுள்ள மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது ஆபத்தானது. நாய்களுக்குப் பயன்படும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து ஆமைகளுக்கு நஞ்சு.

பார்ப்பவர்களும் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டும். நலமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். சிறுவர்கள் பலர் இதனால் நோயுற்றதால், அமெரிக்கா 1975ஆம் ஆண்டில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டருக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்கத் தடை விதித்தது. தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதும், தொட்டியைச் சமையலறையில் கழுவாதிருப்பதும் கட்டாயம்.

மருத்துவச் செலவுக்கு அஞ்சியோ சலிப்படைந்தோ ஆமையை நீர்த்தேக்கத்தில் விடுவோரும் உண்டு. அனுமதியின்றி விலங்குகளை விடுவது சட்டப்படி குற்றம். விசாக தினத்தையொட்டித் தேசியப் பூங்காக் கழகம் இதை ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. விடப்பட்ட ஆமை பிழைத்தால் உள்ளூர் ஆமைகளின் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியாகிறது. நோயுற்ற ஆமை பெரும்பாலும் பிழைப்பதில்லை. வளர்க்க இயலாதவர்கள் பொறுப்பேற்கக்கூடிய வேறொருவரிடம் ஒப்படைக்கலாம்.

சிகிச்சை பெறும் ஆமை மெதுவாகவே தேறும். தொற்று நீங்கப் பல வாரங்கள் ஆகலாம். அது மீண்டும் உணவைத் தேடி நீந்தி வருவதே முதல் நல்ல அறிகுறி. மென்மையான ஓடு மாதங்கள் செல்லச் செல்ல உறுதிப்படும். ஏற்கெனவே வளைந்துபோன ஓரம் மட்டும் நேராகாது.