கணினியிற் சொற்றேடலும் காணாமையும்

பொருளொன்றின் இருப்பிடத்தை முன்னரே அறிந்தார்க்குத் தேடும் உழைப்பு வேண்டுவதில்லை. கணினியில் ஹாஷ் அட்டவணை எனப்படும் அமைப்பு இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டது. 1953ஆம் ஆண்டு சனவரியில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ஹான்ஸ் பீற்றர் லூன் என்பார் எழுதிய உள்ளகக் குறிப்பொன்றில் இதன் கருத்துக் காணப்படுகின்றது. இன்று ஜாவா, பைதன் முதலாய மொழிகளில் இவ்வமைப்பு அன்றாடக் கருவியாகும். இதிற் பெயரோ எண்ணோ திறவுச்சொல்லாக நிற்க, அதற்குரிய விவரம் பெறுமானமாக அமையும்.

தேடல் இரு படிகளில் நிகழும். முதற்படியில், திறவுச்சொல்லிலிருந்து ஓர் எண் கணிக்கப்பட்டு, அவ்வெண் சுட்டும் அறை திறக்கப்படும். இரண்டாம் படியில், அவ்வறையிலுள்ள சொல் வினவிய சொல்லோடு ஒப்பிடப்படும். இவ்விரு படிகளும் தேறினாலன்றிப் பெறுமானம் கிட்டாது. ஆகவே, சமமெனக் கொள்ளப்படும் இரு திறவுச்சொற்கள் ஒரே ஹாஷ் எண்ணைத் தருதல் இன்றியமையாதது. ஒரே எண்ணைத் தருவன யாவும் சமமாதல் வேண்டுமென்பதில்லை.

கொழும்பிலுள்ள கல்லூரியொன்றின் மாணவர் விவரங்கள் ஊர்ப்பெயர் வாரியாக இவ்வாறு தொகுக்கப்பட்டுள்ளன எனக் கொள்க. வெள்ளவத்தை என வினவியவிடத்து விடை வருகின்றது. கொட்டாஞ்சேனை என வினவியவிடத்து ‘இல்லை’ என்றே வருகின்றது. பட்டியலை அச்சிட்டுப் பார்ப்பின் கொட்டாஞ்சேனை கண்ணெதிரே நிற்கின்றது. இம்முரண் எவ்வாறு தோன்றிற்று?

விடை ‘கொ’ என்னும் எழுத்தில் உள்ளது. யுனிகோட் முறையிற் ககரத்தின் எண் 2965. அதனோடு சேரும் ஒகரக் குறியை 3018 என்னும் ஓரெண்ணாலும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு 3014, அரவு 3006 என ஈரெண்ணாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றும். முதல்முறையிற் கொட்டாஞ்சேனை 12 எண்களால் ஆயது. அவற்றின் கூட்டுத்தொகை 35941. இரண்டாம் முறையில் 13 எண்கள், கூட்டுத்தொகை 38943. விளக்கத்தின்பொருட்டு, கூட்டுத்தொகையைப் பத்தால் வகுத்து வரும் மீதியே அறையெண் எனக் கொள்ளின், முன்னது 1ஆம் அறையையும் பின்னது 3ஆம் அறையையும் சேரும். உண்மையில் வழங்கும் சார்புகள் இதனினும் சிக்கலானவை, நெறி இதுவே. தற்செயலாக ஓரறையில் விழினும் இரண்டாம் படியில் ஒப்புமை தவறும். வெள்ளவத்தையில் இத்தகைய இருபகுதிக் குறி இன்மையின் அதற்கு இவ்விடர் நேர்வதில்லை. கொட்டாஞ்சேனையின் சிங்களப் பெயரும் இருபகுதிக் குறியுடனேயே தொடங்குதலின், இது தமிழுக்கு மட்டும் உரிய இடருமன்று.

யுனிகோட் விதி இவ்விரு எழுத்துமுறைகளையும் நிகரானவை என்றே வகுத்துள்ளது. ஆயினும் ஜாவாவின் அட்டவணையோ பைதனின் அட்டவணையோ அந்நிகர்மையைத் தானாக நோக்குவதில்லை. எனவே சொல்லைப் பதியுமிடத்தும் வினவுமிடத்தும் ஒரே இயல்வடிவுக்கு மாற்றுதல் வேண்டும். முன்னர்ப் பதிந்தவற்றையும் அவ்வாறே மாற்றி அட்டவணையை மீளக் கட்டுதல் வேண்டும். அப்பொழுது இரு பதிவுகள் ஒன்றாகுமிடத்து, ஒன்றின் விவரம் மற்றொன்றை அழித்துவிடாது காத்தல் கடமையாகும்.

இம்மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. ஔகாரத்தின் எண் 2964. ஒகரத்தோடு ஔகார நீட்சிக்குறியாகிய 3031 சேர்ந்து வரின் இயல்வடிவாக்கம் அதனை 2964 ஆக்கும். ஒகரத்தின்பின் ளகர மெய்யெழுத்துக்குரிய 2995ஐத் தட்டெழுதியிருப்பின் மாற்றாது; அவை வெவ்வேறு எழுத்துக்களாதலின் என்க. சொல்லிறுதி வெற்றிடமும், அகலமற்ற பிரிப்புக்குறி போன்ற கட்புலனாகா எழுத்துக்களும் தனியே களையப்படுதல் வேண்டும்.

வகை வேறுபாடும் தேடலைக் கெடுக்கும். வெள்ளவத்தையின் அஞ்சற் குறியீடு 00600. எழுத்துத் தொடராகப் பதிந்ததனை எண்ணாக வினவின், முன்னிற்கும் சுழியங்கள் நீங்கி 600 ஆகும், விடை கிட்டாது. ஜாவாவிற் புதிய வகுப்பொன்றினை ஆக்குவோர் சமன்பாட்டு விதியை மாத்திரம் எழுதி ஹாஷ் விதியை எழுதாது விடினும், பதிந்தபின் திறவுச்சொல்லின் உறுப்பொன்றை மாற்றினும் இக்கேடே விளையும். மாறிய சொல் புதிய அறையைச் சுட்ட, பதிவோ பழைய அறையிற் கிடக்கும். பைதன் பட்டியல்களைத் திறவுச்சொல்லாக ஏற்க மறுப்பது இதன்பொருட்டே.

ஆகவே குறைகாண்போர் திரையின் தோற்றத்தை நம்பாது, இரு சொற்களின் நீளத்தையும், எழுத்தெண்களையும், வகையையும் முறையே ஒப்பிடல் வேண்டும். கொட்டாஞ்சேனை ஓரிடத்து 12 எனவும் மற்றோரிடத்து 13 எனவும் வருங்கணமே காரணம் வெளிப்படும்.

பாட்ட மீமாஞ்சகரும் அத்துவைத வேதாந்திகளும் காணாமையை ஓர் அளவையாகக் கொள்வர். எனினும், ஒரு பொருள் இருந்திருப்பின் காணப்பட்டேயிருக்கும் என்னும் தகுதி உள்ளவிடத்தே அக்காணாமை இன்மையை நிறுவும் என்பது அவர் துணிபு. இருளிற் குடத்தைக் காணாமை குடத்தின் இன்மைக்குச் சான்றாகாது. கணினி தரும் ‘இல்லை’ என்னும் விடைக்கும் இவ்வரையறை பொருந்தும். பெயர்ப் பதிவிலோ மருத்துவக் குறிப்பிலோ உள்ள ஒருவரை இல்லாதவரென விலக்குமுன், அவர் பெயர் எழுதப்பட்டவாறே வினவப்பட்டதா என்பதை ஆராய்தல் அலுவலர்க்கும் நிரலாக்குநர்க்கும் ஒருங்கே உரிய பொறுப்பாகும்.