இரண்டு பற்களில் நிற்கும் சிங்கம்

ஓர் எலும்பு மண்ணிலிருந்து வெளிவந்தால் மட்டும் அது அறிவியலாகிவிடுமா? இரத்தினபுரி உயிர்ச்சுவடுகள் சொல்லும் பாடம்

இலங்கைக் காடுகளில் ஒரு காலத்தில் சிங்கம் இரைதேடித் திரிந்தது. இதற்குச் சான்று, இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டவில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த இரண்டு பற்கள். அவற்றை ஆராய்ந்த போல் எட்வேர்ட் பீரிஸ் தெரணியகல, 1939இல் அந்த விலங்கைச் சிங்கத்தின் தனித் துணையினமாக அறிவித்து 'பந்தெரா லியோ சிங்ஹலேயஸ்' என்று பெயரிட்டார். மண்டையோடு கிடையாது, கால் எலும்பு கிடையாது. உலக விலங்கியல் பதிவில் அந்தப் பெயர் இரண்டு பற்களின் பலத்தில் நிற்கிறது.

66 ஆண்டுகள் கழித்து, 2005இல், கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெத்தியாகொட, ரஜித் திசாநாயக்க, மாதவ மீகஸ்கும்புர ஆகிய நால்வரும் சிங்கப்பூரிலிருந்து வெளிவரும் விலங்கியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். சிங்கம் மட்டுமல்ல, புலியும் இந்தத் தீவில் வாழ்ந்திருக்கிறது என்பது அவர்கள் கண்ட செய்தி. குருவிட்டவுக்கு அருகே கிடைத்த புலியின் விரல் எலும்பு ஒன்றின் வயது ஏறத்தாழ 16,500 ஆண்டுகள். கூடவே தெரணியகலவின் பழைய விவரிப்பையும் அவர்கள் மறுபரிசீலனைக்கு எடுத்தார்கள். இலண்டன் நூதனசாலையில் உள்ள இக்காலச் சிங்கங்களின் பல்லைவிடக் குருவிட்டப் பல் ஒடுங்கியும் நீண்டும் இருப்பதாகத் தெரணியகல எழுதியிருந்தார். ஆனால் அது சிங்கத்தின் பல் என்று எப்படித் தீர்மானித்தார் என்பதை அவர் விளக்கியிருக்கவில்லை.

இத்தனை காலத்துக்குப் பிறகு இப்படியொரு கேள்வியைக் கேட்க முடிந்ததற்குக் காரணம், தெரணியகல தன் முடிவை எழுதி, அச்சிட்டு, நூலகங்களில் சேரவிட்டிருந்ததுதான். உயிர்ச்சுவட்டியலில் வெளியீடு என்பது கண்டெடுத்தவரின் அறிவிப்போடு முடிவதில்லை. தன் முடிவைத் தவறென்று காட்டக்கூடியவருக்கும் சான்றைத் திறந்து வைப்பதுதான் அதன் உயிர். நம் நாட்டில் இந்த உயிர் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதைத் தமிழ் வாசகர்களும் கேட்க வேண்டும்.

மாணிக்கக் குழியில் கிடைத்த மிருகக்கூட்டம்

இரத்தினபுரியில் மாணிக்கம் தோண்டுபவர்கள் களிமண்ணையும் மணலையும் தாண்டி ஒரு கூழாங்கல் படையைத் தேடி இறங்குகிறார்கள். 'இல்லம' என்று அவர்கள் சொல்லும் அந்தப் படையில்தான் கல் கிடைக்கும். பழைய ஆறுகள் கற்களோடு எலும்புகளையும் பற்களையும் உருட்டிவந்து அங்கே சேர்த்திருக்கின்றன. நீர்யானை, காண்டாமிருகம், காட்டெருது, யானை எனப் பல முள்ளந்தண்டுளிகளின் எச்சங்கள் இப்படித்தான் வெளிவந்தன. நீர்யானையும் காண்டாமிருகமும் இன்று இலங்கைக் காடுகளில் இல்லை. காட்டெருதும் இல்லை. கண்டி அரசனின் காவலில் இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் அத்தகைய விலங்கொன்றைக் குறிப்பிடுகிறார்.

1939 முதல் 1963 வரை கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த தெரணியகல, இந்த எச்சங்களைச் சேர்த்து விவரிப்பதைத் தன் வாழ்நாள் பணியாக்கினார். அவருக்குக் கையருகிலேயே ஓர் ஆய்விதழ் இருந்தது. நூதனசாலையின் பணிப்பாளராக முன்னர் இருந்த ஆதர் வில்லி 1903இல் தொடங்கிய 'ஸ்பொலியா செய்லானிக்கா' அது. தெரணியகல பல ஆண்டுகளின் உழைப்பைத் தொகுத்து, இலங்கையின் பிளைஸ்டோசீன் காலம் பற்றிய நூலை 1958இல் வெளியிட்டார். ஏறத்தாழ 26 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 11,700 ஆண்டுகளுக்கு முன் முடிந்த பனிக்காலங்களின் யுகமே பிளைஸ்டோசீன்.

இந்தச் சேகரிப்பில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. ஆறு உருட்டிவந்த எலும்பு எந்த இடத்தில் இறந்த விலங்குடையது என்று சொல்வது கடினம். வெவ்வேறு காலத்து எலும்புகள் ஒரே படையில் கலந்திருக்கலாம். குழிக்குள் இறங்கியவர் கல்லைத் தேடியபோது கையில் பட்டதை மேலே அனுப்பியிருப்பார். எத்தனை அடி ஆழம், எந்தப் படை, பக்கத்தில் என்ன இருந்தது என்ற குறிப்பு அதோடு வந்திருக்காது. ஓர் உயிர்ச்சுவட்டின் பாதி மதிப்பு அந்தக் குறிப்பில்தான் இருக்கிறது.

கண்டெடுத்த பின் என்ன நடக்கிறது?

முதலில் இடம். எலும்பு கிடந்த புள்ளி, ஆழம், மண்ணின் தன்மை எல்லாம் எழுதப்பட்டுப் படமெடுக்கப்படுகின்றன. பிறகு சுத்தம் செய்து உறுதிப்படுத்தும் வேலை. ஒட்டியிருக்கும் கல்லையும் மண்ணையும் நீக்குவதற்கு மாதக்கணக்காகலாம். அடுத்தது பொது நிறுவனமொன்றில் ஒப்படைத்துப் பதிவிலக்கம் பெறுவது. தனியார் வீட்டு அலமாரியில் இருக்கும் எலும்பை வைத்து எழுதும் கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை. உரிமையாளர் விற்றுவிட்டால் நாளைக்கு அதைச் சரிபார்க்க யாராலும் முடியாது.

இதன் பின்னரே ஒப்பீடும் எழுத்தும். ஒரு கடைவாய்ப் பல்லின் நீள அகலங்களை உலக நூதனசாலைகளிலுள்ள அதே வகைப் பற்களோடு ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். ஆய்விதழ் அதைத் துறை அறிந்த இரண்டு மூன்று பேருக்கு அனுப்பும். அவர்கள் பெரும்பாலும் பெயர் வெளியிடாமல் குறைகளைச் சுட்டுவார்கள். எழுதியவர் திருத்த வேண்டும், அல்லது பதில் சொல்ல வேண்டும். தன் எழுத்தைப் பொறுமையாகப் பிழைபார்க்கும் அந்நியர்கள் கிடைப்பது ஆய்வாளருக்கு ஒரு கொடை. மதிப்பீட்டுக்கு முன்பே கட்டுரையை எல்லோரும் படிக்கும்படி முன்பதிப்பாக வெளியிடும் வழக்கமும் இப்போது வளர்ந்துவருகிறது.

பெயர் சூட்டும் விதிகள்

புதிய இனத்துக்குப் பெயர் வைப்பதென்றால் சர்வதேச விலங்கியல் பெயரீட்டு விதித்தொகுப்புக்குக் கட்டுப்பட வேண்டும். ஒரே விலங்குக்கு இரண்டு பெயர் வந்தால் முதலில் முறைப்படி வெளியான பெயருக்கே முன்னுரிமை. 2000ஆம் ஆண்டு முதல், புதிய இனத்தை அறிவிப்பவர் எந்த மாதிரியை அடிப்படையாகக் கொண்டார் என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மாதிரி எலும்பாகவோ உடலாகவோ இருந்தால், அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் குறிப்பிட வேண்டும். அந்த ஒற்றை மாதிரிதான் பெயரைச் சுமக்கிறது. நீண்ட காலம் அச்சில் வந்தால் மட்டுமே பெயர் செல்லுபடியாகும் என்றிருந்தது. 2012இல் விதி திருத்தப்பட்டு, 'சூபேங்க்' என்னும் பதிவேட்டில் பதிந்தால் இணைய இதழில் வரும் பெயரும் ஏற்கப்படும் என்றானது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஆய்வாளருக்கு இது பெரிய கதவைத் திறந்துவிட்டது. அச்சுப் பிரதி கப்பலேறி ஐரோப்பிய நூலகங்களைச் சேரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

மூலம் அழிந்தால் மிஞ்சுவது எது?

1915இல் ஜேர்மனியரான ஏர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர், எகிப்துப் பாலைவனத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 'ஸ்பினோசோரஸ்' என்ற டைனோசரை விவரித்தார். அந்த எலும்புகள் இருந்த மியூனிக் நூதனசாலை 1944 ஏப்ரலில் குண்டுவீச்சில் அழிந்தது. ஆனால் ஸ்ட்ரோமர் எலும்புகளைத் துல்லியமாக வரைந்து, அளந்து, வெளியிட்டிருந்தார். மொரோக்கோவிலிருந்து கிடைத்த புதிய எலும்புகள் 2014இல் விவரிக்கப்பட்டபோது, ஆய்வாளர்கள் அவற்றை ஒப்பிட்டது அந்தப் பழைய அச்சுப் படங்களோடுதான்.

தமிழ்நாட்டில் இதற்கு மாறான அனுபவம் ஒன்று உண்டு. அரியலூர்ப் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளை யாதகிரியும் அய்யசாமியும் ஆராய்ந்து, 1980களின் இறுதியில் 'புருகத்காயோசோரஸ்' என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீற்றர் நீளம். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக அது இருந்திருக்கலாம். ஆனால் எளிதில் நொறுங்கும் அந்த எலும்புகள் சிதைந்து போயின. வெளியான விவரிப்பு சுருக்கமானது, படங்களும் எளிய கோட்டோவியங்கள். முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட விலங்கைப் பிறகு நீண்ட கழுத்துத் தாவரவுண்ணியாக மாற்றினார்கள். அது எலும்பே அல்ல, கல்லான மரமாக இருக்கலாம் என்றும் சந்தேகம் எழுந்தது. 2022இல் பாலும் அய்யசாமியும் அந்நாளில் எடுத்த நிழற்படங்களை வெளியிட்ட பிறகே விவாதத்துக்குப் பிடிமானம் கிடைத்தது. அதுவரை ஏறத்தாழ 35 ஆண்டுகள் அந்தப் பெருவிலங்கு சந்தேகத்தின் நிழலில் கிடந்தது.

மூலப் பிரதி ஒன்றேயாக இருப்பதன் ஆபத்தை இலங்கைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறு பிரதி இல்லாத ஏடுகளும் சேர்ந்து போயின. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் ஏற்றிவருவது அந்த இழப்பு மீண்டும் நேராதிருக்கத்தான். எலும்புக்கும் அதே காவல் தேவை. நல்ல விவரிப்பு ஒரு பிரதி, நிழற்படம் இன்னொரு பிரதி, முப்பரிமாண வருடல் இன்னொன்று.

கதவைத் திறந்து வைத்தவர்கள்

தென்னாபிரிக்கக் குகையொன்றில் கிடைத்த 1,500க்கும் மேற்பட்ட எலும்புகளை ஆராய்ந்து 'ஹோமோ நலெடி' என்ற பழைய மனித இனத்தை 2015இல் அறிவித்தபோது, ஆய்வுக்குழு கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழில் வெளியிட்டது. முக்கிய எலும்புகளின் முப்பரிமாணக் கோப்புகளையும் 'மோர்ஃபோசோர்ஸ்' தளத்தில் வைத்தது. முப்பரிமாண அச்சுப்பொறி உள்ள எந்தப் பாடசாலையும் அந்த எலும்பின் பிரதியை எடுத்துக்கொள்ளலாம்.

இலங்கையிலும் நல்ல உதாரணம் உண்டு. களுத்துறை மாவட்டத்துப் பாஹியன் குகையிலிருந்து எடுத்த 14,000க்கும் மேற்பட்ட எலும்பு, பல் துண்டுகளை ஓஷான் வெதகேயும் குழுவினரும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே இத்தீவின் மழைக்காட்டு மனிதர்கள் குரங்கையும் மர அணிலையும் தேர்ந்து வேட்டையாடினார்கள் என்பது அதன் முடிவு. அதே குகையின் எலும்பு அம்புமுனைகள் பற்றிய கட்டுரை 2020இல் வந்தது. இரண்டும் திறந்த இதழ்களில் வந்ததால், வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர் காசு கொடுக்காமல் கைபேசியிலேயே படிக்கலாம்.

ஆனால் திறந்த வெளியீட்டுக்கு விலை உண்டு. புகழ்பெற்ற திறந்த இதழ்கள் பல, ஒரு கட்டுரைக்கு ஆயிரக்கணக்கான டொலர்களை எழுதியவரிடமே கேட்கின்றன. பணக்கார நாட்டுப் பங்காளி இல்லாத உள்ளூர் ஆய்வாளர் அதை எப்படிக் கட்டுவார்? கட்டணம் கேட்காத தரமான இதழ்களும் உள்ளன. 'ஸ்பொலியா செய்லானிக்கா' போன்ற உள்நாட்டு இதழ்களை வலுப்படுத்தி, பழைய தொகுதிகள் முதல் புதியவை வரை முழுவதும் இணையத்தில் கிடைக்கச் செய்வது இந்த நாட்டால் முடிந்த வேலை.

பகிர்வு என்பது எலும்பை நாட்டைவிட்டு அனுப்புவதும் அல்ல. 2020இல் ஜேர்மன் நூதனசாலையில் இருந்த எலும்புக்கூட்டை வைத்து 'உபிராஜாரா' என்ற டைனோசர் அறிவிக்கப்பட்டது. அது பிரேசிலுக்குரியது, முறைப்படி வெளியே போனதில்லை என்று பிரேசில் ஆய்வாளர்கள் எழுப்பிய குரலால் கட்டுரை விலக்கிக்கொள்ளப்பட்டது, 2023இல் எலும்புக்கூடு பிரேசில் திரும்பியது. மூலம் பிறந்த மண்ணில் இருக்க, பிரதி உலகெங்கும் போகட்டும் என்பதே நேர்மையான பகிர்வு.

கொழும்பிலிருந்து என்ன செய்யலாம்?

கறுவாத்தோட்டத்தில் தேசிய நூதனசாலையும் பக்கத்திலேயே இயற்கை வரலாற்று நூதனசாலையும் இருக்கின்றன. கொட்டாஞ்சேனையில் க.பொ.த உயர்தர உயிரியல் படிக்கும் மாணவியும் போகக்கூடிய தூரம்தான். ஆனால் இரத்தினபுரி விலங்குகள் பற்றிய ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கிறது. ஒவ்வொரு ஆய்வுக் கட்டுரையோடும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கச் சுருக்கம் வெளியிட வேண்டும் என்று பல்கலைக்கழகங்களும் நூதனசாலைத் திணைக்களமும் விதியாக்கலாம். வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்கம் போன்ற மண்டபங்களில் ஆய்வாளர்கள் வந்து தம் முடிவுகளைத் தமிழில் விளக்கலாம்.

வாசகர்களுக்கும் பங்கு உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல், பிளைஸ்டோசீனுக்கும் முந்திய மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. ஊரில் கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ கல்லுக்குள் வித்தியாசமான எலும்போ பல்லோ தெரிந்தால், அதை உடைத்தெடுக்காதீர்கள். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுங்கள். இடம், ஆழம், திகதி எழுதுங்கள். நூதனசாலைக்கோ பல்கலைக்கழகப் புவியியல், தொல்லியல் துறைகளுக்கோ அறிவியுங்கள். அந்தக் குறிப்புத்தான் நாளை எழுதப்படும் கட்டுரையின் முதல் வரி.

அரசுக்கு ஒரு கோரிக்கை. இரத்தினபுரியிலிருந்து வந்து பெயரைச் சுமக்கும் மாதிரிகள் ஒவ்வொன்றும் எங்கே, என்ன நிலையில் இருக்கின்றன என்ற பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடப்படட்டும். கையிலுள்ள ஒவ்வொன்றுக்கும் முப்பரிமாணப் பிரதி எடுத்து இலவசமாகத் தரட்டும். குருவிட்டச் சிங்கம் உண்மையில் தனித் துணையினம்தானா என்ற கேள்விக்கு இன்னும் உறுதியான பதில் இல்லை. அந்தப் பதிலை ஹட்டனிலோ மட்டக்களப்பிலோ இப்போது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று கண்டுபிடிக்கலாம், சான்று அந்தப் பிள்ளையின் கைக்கு எட்டுமானால்.