சூழல்சார் சொடுக்கு விளம்பரங்களும் இணையதள வெளியீட்டாளர் வருவாயும்

முன்னுரை

இணையதளங்கள் பெரும்பாலும் கட்டணமின்றிப் படிக்கப்படுகின்றன. எனினும் அவற்றை நடத்துவோருக்கு வழங்கி வாடகை, தளப்பெயர்க் கட்டணம், எழுத்துழைப்பு எனச் செலவுகள் உண்டு. இச்செலவை ஈடுகட்டும் வழிகளுள் ஒன்று, பக்கத்தின் பொருளுக்கேற்ப இடம்பெறும் விளம்பரங்கள் ஆகும். இவ்வருவாய் எவ்வாறு உருவாகிறது என்பதையும், எழுத்தின் தரத்திற்கும் அதற்கும் உள்ள தொடர்பையும் கூகுள் ஆட்சென்ஸை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

1998இல் பில் கிராஸ் உருவாக்கிய கோட்டூ என்னும் தேடுபொறியில் விளம்பரதாரர்கள் தேடுசொற்களுக்கு ஏலம் கேட்டனர். பயனர் விளம்பரத்தைச் சொடுக்கினால் மட்டுமே அவர்கள் பணம் செலுத்தினர். கூகுள் தனது ஆட்வேர்ட்ஸ் சேவையில் இம்முறையை 2002இல் மேற்கொண்டது. அடுத்த ஆண்டு, சொற்பொருள் ஆய்வில் ஈடுபட்டிருந்த அப்ளைடு செமாண்டிக்ஸ் நிறுவனத்தை வாங்கியது. 2003 ஜூன் மாதத்தில் ஆட்சென்ஸ் சிறு தள உரிமையாளர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இதனால் தேடல் பக்கங்களோடு நின்றிருந்த சொல் ஏலம் கட்டுரைப் பக்கங்களுக்கும் பரவியது.

செயல்முறை

வெளியீட்டாளர் தம் தளத்தைப் பதிவுசெய்து ஒப்புதல் பெற்றபின், வழங்கப்படும் நிரல் துண்டினைப் பக்கத்தில் இணைக்கிறார். தானியங்கு நிரலொன்று பக்கத்தைப் படித்து அதன் பொருளைக் கணிக்கிறது. வாழைச் சாகுபடி பற்றிய பக்கமாயின் உரம், சொட்டுநீர்க் கருவி போன்றவற்றின் விளம்பரங்கள் போட்டியிடும். ஏலத்தொகையோடு சொடுக்கப்படும் வாய்ப்பும் கணக்கில் கொள்ளப்படுகிறது. 2009 முதல் பயனரின் இணைய ஆர்வங்களும் விளம்பரத் தெரிவில் இடம்பெறுகின்றன. ஆகவே பக்கத்தின் சூழல் ஒன்றே இன்று அடிப்படையன்று.

தம் தள விளம்பரங்களைத் தாமே சொடுக்குவதும் பிறரைச் சொடுக்கத் தூண்டுவதும் விதிமீறலாகும். அவ்வாறு செய்வோர் கணக்கை இழக்க நேரும்.

வருவாய்க் கணக்கு

விளம்பரதாரர் செலுத்துவதில் 68 விழுக்காடு உள்ளடக்கப் பக்க வெளியீட்டாளருக்கு உரியது எனக் கூகுள் 2010இல் வெளியிட்டது. ஒரு கற்பனைக் கணக்கால் இதனை விளக்கலாம். ஒரு பக்கம் 1,000 முறை பார்க்கப்பட்டு 10 சொடுக்குகள் கிடைப்பதாகக் கொள்வோம். சொடுக்கு ஒன்றின் விலை 5 ரூபாய் எனில் மொத்தம் 50 ரூபாய். வெளியீட்டாளர் பெறுவது 34 ரூபாய். அதே எண்ணிக்கையில் சொடுக்கின் விலை 50 ரூபாய் எனில் அவர் பெறுவது 340 ரூபாய். வாசகர் தொகை மாறவில்லை. பொருளின் சந்தை விலையே மாறியது. வீட்டுக்கடன் பற்றிய பக்கத்திற்குப் போட்டியிடும் வணிகர் பலர். கல்வெட்டு எழுத்தமைதி பற்றிய பக்கத்திற்கு அத்தகையோர் அரியர்.

2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி, வெளியீட்டாளருக்குச் சொடுக்குக்குப் பதிலாக விளம்பரக் காட்சியின் அடிப்படையில் பணம் வழங்கும் முறை வந்தது. ஆயினும் அக்காட்சியின் விலையும் விளம்பரதாரர் போட்டியையே சார்ந்துள்ளது.

தமிழ்ப் பக்கங்கள்

ஆட்சென்ஸ் 2014இல் இந்தியையும் 2018இல் தமிழையும் ஏற்றது. பக்கத்தின் பொருளைக் கணிக்க மொழியறிவு தேவை. ‘வீடு’ என்னும் சொல் ‘வீட்டை’, ‘வீட்டிற்கு’ எனத் திரிகிறது. ‘படி’ என்பது படித்தலையும் படிக்கட்டையும் முகத்தலளவையையும் குறிக்கும். இவற்றைப் பிரித்தறிய உருபனியல் பகுப்பாய்வும் சூழல் அறிவும் வேண்டும். எனவே தமிழ்க் கணினி மொழியியல் ஆய்வுக்கும் தமிழ்த் தளங்களின் வருவாய்க்கும் நேரடித் தொடர்பு உண்டு.

முடிவுரை

சூழல்சார் விளம்பரம் அறிவின் பயனை அளப்பதில்லை. அவ்வறிவைத் தேடுவோரிடம் எதனை விற்க இயலும் என்பதையே அளக்கிறது. இவ்வருவாய் குறைந்த பக்கத்தைப் பயனற்றதெனக் கருதுவது இதனால் பிழையாகும். ஆய்வுசார் தளங்கள் இதனைப் பராமரிப்புச் செலவுக்குரிய துணை வருவாயாகக் கொள்ளலாம். எப்பொருளை வெளியிடுவது என்னும் முடிவை ஏலத்தின் கையில் விட்டால், வாங்குவோர் இல்லாத துறைகள் எழுதப்படாமலே போகும். ஆதலின் பதிப்பு முடிவும் விளம்பரக் கணக்கும் தனித்தனியே அமைதல் வேண்டும்.