ஆழ உழுவதற்கு முன்

மதுரை தல்லாகுளத்து மாடியறை ஒன்றில் நாலைந்து பேரோடு நடக்கும் சிறிய வெப் டிசைன் அலுவலகத்தில் சேரும் இளைஞர், காலையில் நகைக்கடையின் இணையதளத்துக்கு முகப்பு அமைத்து, மத்தியானம் அதன் டேட்டாபேஸைச் சீர்செய்து, சாயங்காலம் சர்வர் ஏன் நின்றதென்று கடைக்காரருக்கு விளக்க வேண்டியவராகிறார். அவருடன் படித்து, இலந்தைக்குளத்திலோ வடபழஞ்சியிலோ உள்ள எல்காட் ஐ.டி. பூங்காவில் பெரிய கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பெற்றவரோ, ஒரு மென்பொருளின் ஒரு பகுதியையே வருஷக்கணக்கில் கவனித்து வரக்கூடும். பலவற்றையும் பழகுவதா, ஒன்றில் நிபுணராவதா என்ற சந்தேகம் இருவருக்கும் எழுவது சகஜமே.

அகல உழுவதைக் காட்டிலும் ஆழ உழுவது மேல் என்பார்கள் பெரியோர். அது சொந்த நிலம் உடையவனுக்குச் சொன்ன புத்திமதி. வெப் தொழிலில் நாம் உழும் நிலங்களில் பலவோ, பிற கம்பெனிகளின் குத்தகை நிலங்கள்.

1996-இல் தோன்றி, 2005-இல் அடோபி வசமான ஃபிளாஷ், இணையத்தின் அசையும் சித்திரங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் ஒரு காலத்தில் பிரதான சாதனமாக விளங்கிற்று. 2007-இல் வந்த ஐபோனில் அதற்கு இடமில்லாது போய், 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபியே அதைக் கைவிட்டபோது, அதில் கரைகண்டவர்களிடம் சித்திர ரசனையும் நிரல் எழுதும் தர்க்கமும் எஞ்சின; கருவியின் சூட்சுமங்கள் விலைபோகவில்லை. கூகுள் 2010-இல் வெளியிட்ட ஆங்குலர் ஜே.எஸ். என்ற கருவியும் 2021 இறுதியோடு ஆதரவிழந்தது.

இதற்கு மாறாக, டிம் பெர்னர்ஸ்-லீ 1991-இல் உலகுக்கு அளித்த ஹெச்.டி.எம்.எல்., எத்தனையோ மாறுதல்களுக்குப் பின்னும் ஜீவனோடிருக்கிறது. 1995-இல் பிறந்த ஜாவாஸ்கிரிப்டும், அதற்கு முந்தைய எஸ்.க்யூ.எல்.லும் அவ்வாறே. இவற்றின் இலக்கணத்தைப் பொது ஸ்தாபனங்கள் வகுப்பதால், தனியொரு கம்பெனியின் லாப நஷ்டம் இவற்றை ஒழித்துவிடுவதில்லை. ஜாவாஸ்கிரிப்டை அஸ்திவாரத்திலிருந்து அறிந்தவருக்கு, 2013-இல் வந்த ரியாக்டும், நாளை அதன் ஸ்தானத்துக்கு வரக்கூடிய வேறொன்றும் சிரமமின்றி வசப்படும்.

ஆகவே, ஆழத்தை இத்தகைய அஸ்திவாரத்தில் தேடுவதும், அகலத்தைச் சந்தர்ப்பத்துக்கேற்பப் பெறுவதுமே விவேகம். உள்ளூர்க் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் தளம் அமைப்பவர் எல்லாம் தெரிந்தவராக இருந்தாலொழிய ஜீவனம் நடவாது. அவருக்குள்ள அபாயம், எதுவும் ஏன் இயங்குகிறதென்று அறியாமலே இயங்கவைத்துக் காலம் கழிப்பது. மெதுவாகத் திறக்கும் பக்கங்கள், பணம் செலுத்துமிடத்தின் பாதுகாப்பு, பார்வையற்றோர் உபயோகிக்க ஏற்ற அமைப்பு என்று அடிக்கடி எதிர்ப்படும் பிரச்சினைகளில் ஒன்றை அவர் வேர்வரை ஆராய வேண்டும். பெரிய கம்பெனியில் இருப்பவரோ, டொமைன் வாங்குவது முதல் சர்வரில் ஏற்றுவது வரை ஒரு சிறு தளத்தையாவது தனியாக அமைத்துப் பார்க்க வேண்டும். தம் பகுதியில் நேரும் பிழை எங்கிருந்து வருகிறது என்பது அப்போதுதான் அவருக்குத் தெளிவாகும்.

எந்த வழியில் செல்பவரும் ஒன்றைப் பரீட்சித்துக்கொள்ளலாம்: கருவியின் பெயரைச் சொல்லாமல், இன்ன பிரச்சினையைத் தீர்க்க வல்லேன் என்று தம் திறமையை எடுத்துரைக்க முடியுமானால், அவர் உழுவது சொந்த நிலமே.